அளக்காத நாளுக்கு ஒரு கோடு

என் மேசைமேல் ஒரு செம்புப் புனல் கவிழ்ந்து கிடக்கிறது. வாயின் அகலம் பதினாறு சென்டிமீட்டர். அளந்து பார்க்கத் தேவையில்லை, அந்த அளவைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். போன வாரம் அக்காவின் பெண் இதை ஒரு துணிப்பையில் போட்டு, ஏழு நீளமான நோட்டுப் புத்தகங்களோடு செம்பூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஒரு நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. புனலை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றுகிறேன், அலமாரியிலிருந்து மேசைக்கு. பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறேன். உள்ளே வந்து கைப்பேசியில் மழை எச்சரிக்கையைப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. எழுபத்தெட்டு வயதில் இந்த நடை டாக்டர் சொன்ன நடை இல்லை.

இது என் அத்திம்பேரின் புனல். அக்காவின் கணவர். துறைமுகத்தின் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக வடாலாவில் வேலை பார்த்தார். பாலக்காட்டிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி.யும் தட்டச்சும் படித்துவிட்டு வந்தவர். மாட்டுங்காவில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கிடையாது, இரண்டாம் மாடியில் குடியிருந்தார். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறி, முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று அளந்து எழுதினார். இப்படி இருபத்தாறு வருடம். யாரும் அவரை அளக்கச் சொல்லவில்லை.

கருவி எளிமையானது. தாராவியில் பாத்திரம் செய்யும் ஒருவரிடம் சொல்லி அடித்து வாங்கிய புனல், அதன் கீழே ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று, நான் வாங்கிக் கொடுத்த அளவுக் குடுவை. அந்த அகலமுள்ள புனலில் இருபது மில்லிலிட்டர் தண்ணீர் விழுந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை என்று நான் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்து முதல் நோட்டின் அட்டைக்குள் ஒட்டிவைத்துக்கொண்டார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது, என் இளவயதுக் கையெழுத்தோடு. நோட்டில் மூன்று பத்திகள்: தேதி, அளவு, குறிப்பு. குறிப்பில் "இரவெல்லாம் தூறல்", "காற்று", "கீழ்வீட்டில் தண்ணீர்" என்று இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே உழன்றவர், மழையை மட்டும் தமிழில் எழுதினார்.

அக்காவுக்கு இது பொறுக்காது. "மழை பெஞ்சதுன்னு கொடியில காயாத வேஷ்டியப் பாத்தாலே தெரியறது. எத்தனைன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறேள், சாம்பார்ல விடப் போறேளா?" என்பாள். அவர் சிரிக்க மாட்டார். வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே பதில் சொல்வார். "கொலாபால அளக்கறான். சாந்தாக்ரூஸ்ல அளக்கறான். நடுவுல இருக்கற நமக்கு யாரு அளக்கறா? மேலயும் கீழயும் பாத்துட்டு நடுவுல இவ்வளவுதான் இருக்கும்னு சொல்ல மழை என்ன சம்பள ஸ்கேலா?"

இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதில் இருந்த விஞ்ஞானம் அப்போது எனக்குப் புரியவில்லை. நான் முனைவர் பட்டம் பெற்றவன். டிராம்பேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அதிகாரி. என் பெயரில் கட்டுரைகள் வந்திருந்தன. குடும்பத்தில் ரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்து மிக்ஸி ரிப்பேர் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். அத்திம்பேர் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், ஆனால் விஞ்ஞானம் என்று வந்துவிட்டால் என் முன் மாணவனைப்போல் உட்கார்ந்துகொள்வார். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்றைக்கு நகரத்தில் வார்டுக்கு வார்டு தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன. கைப்பேசியைத் தட்டினால் கால் மணிக்கு ஒரு முறை எண் மாறுகிறது. பள்ளிக்கு விடுமுறை விட்ட அன்று வெயில் அடித்தால் குடும்ப வாட்ஸாப் குழுவில் வானிலைக்காரர்களைக் கேலி செய்து பத்துப் படங்கள் வருகின்றன. நானும் கோபித்துக்கொள்கிறேன். ஆனால் கடலை மண் கொட்டி மூடித் தீவுகளை ஒட்டவைத்து எழுப்பிய ஊர் இது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தண்ணீர் மட்டும் மறக்கவில்லை. சயானில் வெயிலடிக்கும்போது பக்கத்திலேயே மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் குடை பிய்த்துக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் நாங்கள் அறிந்தவரை செய்தித்தாளில் வருவது இரண்டே எண்கள்தாம், நகரத்தின் தென்கோடியான கொலாபாவுக்கு ஒன்று, வடக்கே விமான நிலையத்தின் பக்கம் சாந்தாக்ரூஸுக்கு ஒன்று. மாட்டுங்காவுக்கு அத்திம்பேரின் மொட்டைமாடிதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் இதற்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கிங்ஸ் சர்க்கிளில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ சொல்லி, அத்திம்பேர் வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, "இருபத்துநான்கு வருடமா?" என்று மூன்று முறை கேட்டாராம். அந்த மாதக் கடைசியில் வந்து எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். சாக்கடைக் குழாய்களின் அகலத்தை முடிவு செய்ய இந்த எண்கள் உதவும் என்றாராம். அத்திம்பேர் அன்று மாலை என் வீட்டுக்கு, அப்போது நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன், நடந்தே வந்து இதைச் சொன்னார். காப்பி ஆறிப்போனது. அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் பாலக்காட்டில் அவருடைய தாயார் காலமானார். அக்காவும் பெண்ணும் அவரும் ஒரு சனிக்கிழமை கல்யாண் ஜங்ஷனுக்குப் போய் ரயிலேறினார்கள். பதின்மூன்று நாள் காரியம். தாயை இழந்த மனிதர், கதவைப் பூட்டும்போது சாவியோடு நோட்டையும் என் கையில் கொடுத்தார்.

"எட்டரைன்னா எட்டரை. முன்னே பின்னே வேண்டாம். உனக்கு ஆபீஸ் பஸ் எட்டு மணிக்குன்னு தெரியும். ஒரு நாள் முடியலேன்னா கோடு போட்டுடு. மறுநாள் ரெண்டு நாளுக்கும் சேத்து அளந்து எழுதிடலாம். கோடு தப்பில்லேடா."

அதுதான் அவருடைய முறை. ஜுரத்தில் படுத்த நாட்களுக்கும் திருமணத்துக்கு வெளியூர் போன நாட்களுக்கும் நோட்டில் ஒரு சிறு கோடு இருக்கும்.

ஞாயிறும் திங்களும் ஏறினேன். திங்களன்று பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போய் அலுவலகத்தில் தாமதமானேன். செவ்வாய் விடிந்ததும் ஒரு கூட்டத்துக்காகப் புனே போனேன், புதன் மாலைதான் திரும்பினேன். தெரு காய்ந்திருந்தது. வியாழக்கிழமை ஏறிப்போய், இரண்டு கோடு போட்டு, மூன்று நாள் மழையை மொத்தமாக எழுதியிருக்கலாம். ஏறவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு மாடி. எட்டு மணி பஸ்ஸில் ஜன்னல் இருக்கை. வெள்ளிக்கிழமை, இத்தனை நாள் விட்டாயிற்று, இன்று மட்டும் ஏறி என்ன என்று தோன்றியது. அதன் பிறகு அந்தக் கட்டடம் இருக்கும் தெரு வழியாகவே போகவில்லை.

அவர்கள் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை, செய்தித்தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் கொலாபா எண்ணையும் சாந்தாக்ரூஸ் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். மாட்டுங்கா நடுவில்தானே இருக்கிறது. சந்தேகம் வராமல் இருக்க அங்கங்கே ஒன்றோ இரண்டோ ஏற்றி இறக்கினேன். முதல் புதன்கிழமை காலைக்கு, கொலாபா ஆறு, சாந்தாக்ரூஸ் பன்னிரண்டு, ஒன்பது என்று எழுதினேன். குறிப்புப் பத்தியையும் விடவில்லை. "விட்டு விட்டுத் தூறல்" என்று எழுதினேன். பதினோரு கோடு போடுவது எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு பொய் எழுதுவது அவ்வளவு வெட்கமாக இல்லை.

பிறகு மொட்டைமாடிக்கு ஏறினேன். கேன் விளிம்பு வரை நிரம்பி வழிந்திருந்தது. ஐந்து லிட்டர் என்றால் இருநூற்றைம்பது மில்லிமீட்டர், அதற்கு மேலும் வழிந்து போயிருக்கிறது. நான் எழுதிய பதினோரு எண்களையும் கூட்டினால் நூற்று நாற்பதைத் தாண்டாது. இதை அங்கே நின்றபடியே மனக்கணக்கில் கண்டேன். கண்டுவிட்டு, கேனை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தேன். தண்ணீர் தரையில் ஓடி மூலைக் குழாயில் இறங்கி முடியும்வரை நின்றுவிட்டுக் கீழே வந்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை அவர்கள் வந்தார்கள், மாலை பார்க்கப் போனேன். அத்திம்பேர் மழித்த தலையோடு தரையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு மாமி துக்கம் கேட்க வந்திருந்தாள். பேச்சு மழைக்குப் போயிற்று. நான் புனேயில் இருந்த அந்தச் செவ்வாய் மத்தியானம் எப்படிக் கொட்டியது, எப்படி முழங்காலளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்று மாமி கையை முழங்காலில் வைத்துக் காட்டினாள். அத்திம்பேர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்பதுன்னா இருக்கு இங்கே."

"என்ன ஒன்பது?"

"ஒன்பது மில்லிமீட்டர், மாமி."

"ஒன்பதாம். எங்காத்து அரிசி டின் ஹால்ல மிதந்து வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தது. அதை யார்ட்ட சொல்றது? உங்க புனலுக்கு அன்னிக்கு லீவு போல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, அதுதான் என்னை இன்றுவரை விடவில்லை. "நீயே பாத்து அளந்ததுதானே?" என்றார். "ஆமாம் அத்திம்பேரே, பக்கா ஒன்பதுதான். கடல் ஏத்தமா இருந்திருக்கும், சாக்கடைத் தண்ணி எதிர்த்துண்டு வந்திருக்கும்" என்றேன். மாமி, "மேலேருந்து கொட்டித்து, நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்" என்றாள். அத்திம்பேர் மெதுவாக, "அப்போ யந்திரத்துல ஏதாவது கோளாறோ?" என்றார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மொட்டைமாடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் மோதித் திரும்பும் காற்று, சாய்ந்து விழும் மழை, தொட்டியின் மறைவில் குறைவாகவே நனையும் புனல். அம்புக்குறிகளெல்லாம் போட்டேன். படத்தில் விஞ்ஞானப் பிழை ஒன்றும் இல்லை. அப்படி நடக்கக் கூடியதுதான். ஆனால் அந்த மொட்டைமாடியில் புனலுக்கும் தொட்டிக்கும் நடுவே போதுமான தூரம் இருந்தது, அவர் அதைப் பார்த்துத்தான் வைத்திருந்தார். எனக்கும் தெரியும்.

அவர் பத்திரிகையை வெகுநேரம் பார்த்தார். "அப்போ தொட்டி வந்ததுலேருந்து எல்லாமே குறைச்சலா?" என்று கேட்டார். "இருக்கலாம்" என்றேன். "பன்னெண்டு வருஷமும்?" நான் தோளைக் குலுக்கினேன்.

பேராசிரியர் வந்தபோது அத்திம்பேர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார் என்று அக்கா சொன்னாள். தப்பான எண்ணை வைத்துக்கொண்டு யாராவது குழாய் போட்டால் அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றாராம். முதல் பன்னிரண்டு வருடத்தையாவது தருகிறீர்களா என்று கேட்டதற்கு, அதிலும் என்ன கோளாறு என்று யார் கண்டது என்றாராம். புனலை வேறு மூலைக்கு மாற்றி இரண்டு மழைக்காலம் அளந்தார். பழைய எண்களோடு ஒப்பிட வழியில்லை, அதனால் இந்த எண்களிலும் அவருக்கு ருசி போய்விட்டது. மூன்றாவது ஜூனில் ஏறவில்லை. எட்டரை மணிக்கு மட்டும் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். "தொட்டியைப் பாத்துண்டு நிக்கறார், அது என்னவோ இவர் சொத்தை எழுதி வாங்கிண்ட மாதிரி" என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன்.

நான் அந்த எண்களை எழுதிய அதே வருடத்தில் என் பிரிவில் உதவியாளர் ஒருவர் கருவியைப் பார்க்காமலே அளவுகளை நிரப்பியிருந்தார். நான் கண்டுபிடித்தேன். ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். அளக்காததை எழுதுவது அளவையே கொல்வது என்று அதில் ஒரு வரி வரும். அவருக்கு ஊதிய உயர்வு ஒரு வருடம் நின்றது. மனிதன் இப்படி இரண்டு அறைகளாக இருக்க முடியும் என்பது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல.

அத்திம்பேர் இறந்து பல வருடங்களாகின்றன. கடைசிக் காலத்தில் பார்க்கப் போனபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று போய், பத்திரிகைச் செய்தி, பெட்ரோல் விலை, யாருடைய பேரன் எந்த நாட்டில் என்று பேசிவிட்டு வந்தேன். இப்போது அந்தக் கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறார்கள். அக்கா தாணேயில் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள். சாமான்களை ஒழிக்கும்போதுதான் பரணில் இந்தப் பை கிடைத்திருக்கிறது.

அக்காவின் பெண் வந்து உட்கார்ந்ததுமே விஷயத்துக்கு வந்தாள். பழைய மழைப் பதிவுகளைச் சேகரிக்கும் இளைஞர்கள் சிலர் இவற்றைக் கேட்கிறார்களாம். ஸ்கேன் செய்துகொள்வார்களாம். ஒரே ஒரு கேள்வி.

"மாமா, எண்ணெல்லாம் புரியறது. சைடுல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கார், நாலாவது நோட்டுலேருந்து ஒவ்வொரு பேஜ்லயும். எனக்குத் தமிழ் படிக்க வராதே, அம்மாக்குக் கண்ணு தெரியலே. தப்புன்னு எழுதியிருந்தா அந்த வருஷத்தையெல்லாம் விட்டுடுவாளாம். என்ன எழுதியிருக்கு?"

எழுதியிருந்தது ஒரே சொல். "சந்தேகம்." பன்னிரண்டு வருடம், பக்கத்துக்குப் பக்கம், அவருடைய சாய்ந்த கையெழுத்தில். ஆறாவது நோட்டில், அந்த ஜூலையில், என் கையெழுத்தில் பதின்மூன்று எண்கள், அளந்த இரண்டும் அளக்காத பதினொன்றும், நீல மையில் சுத்தமாக இருக்கின்றன. அங்கேயும் பக்கத்தின் ஓரத்தில் பென்சில், ஆனால் அந்தப் பதின்மூன்று வரிகளுக்கு நேரே ஒரு சிறு டிக். நம்பத்தக்கது என்று அவர் குறித்தது அந்த வரிகளை மட்டும்தான். படித்தவன் அளந்தது.

"வெச்சுட்டுப் போ, பாத்துச் சொல்றேன்" என்றேன். அவள் போன பிறகு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். சுத்தமாக ஒரு பொய் கையிலேயே இருந்தது. "சரிபார்த்தது" என்று எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் பன்னிரண்டு வருடமும் பிழைத்துவிடும், நானும் பிழைத்துவிடுவேன். அந்தப் பதினோரு நாளும் கூடவே போய் யாருடைய கணினியிலோ உட்கார்ந்துவிடும். நான்காம் நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, தாணே போனேன்.

அக்காவுக்கு எண்பத்துநான்கு. கட்டிலில் சாய்ந்து காய்கறியைக் கைகளாலேயே தடவிப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கேனைக் கவிழ்த்ததையும் சொன்னேன், படத்தையும் சொன்னேன், டிக்கையும் சொன்னேன். அக்காவின் பெண் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அக்கா கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"அந்தத் தொட்டியை எத்தனை திட்டியிருப்பார் தெரியுமா உனக்கு? பில்டிங் சொசைட்டி மீட்டிங்ல போய் அதை இடிக்கணும்னு சொல்லி எல்லாரும் சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

மறுபடி கத்தியைக் கையில் எடுத்தாள்.

"நெஞ்சு வலி வந்த வருஷம்கூட ஏறினார்டா. டாக்டர்ட்ட பொய் சொல்லிட்டு ஏறினார்." ஒரு காயை நறுக்கி முடித்து, "இனிமே என்ன, இங்கே உக்காந்து அழப் போறியா? பென்சில்தானே. போய் அழி" என்றாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. கிளம்பும்போது சாப்பிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. அறுபது வருடத்தில் அவள் வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் வந்தது அன்றுதான்.

இரண்டு நாளாக அழித்துக்கொண்டிருக்கிறேன். தாள் மக்கியிருக்கிறது, வேகமாகத் தேய்த்தால் கிழிகிறது. ரப்பர் துகள் மேசையெல்லாம், புனலின் மேலும். இன்று காலை ஆறாவது நோட்டின் அந்தப் பக்கத்துக்கு வந்தேன். டிக்குகளை அழித்தேன். மை அழியாது. பதினோரு எண்களையும் அடித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் போடுவதைப்போலவே ஒரு சிறு கோடு போட்டேன். கீழே, இவை அளக்கப்படவில்லை, கற்பனையாக எழுதியவன் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவருடைய முறைப்படி கோடுகளுக்கு அடுத்த வரியில் எல்லா நாளுக்கும் சேர்த்து மொத்தம் எழுத வேண்டும். அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

வெளியே மழை பிடித்திருக்கிறது. செம்பூரில் இந்தக் கால் மணியில் எத்தனை என்று கைப்பேசி சொல்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவில் எத்தனை என்று சொல்ல இந்த உலகத்தில் எந்தக் கருவியும் இல்லை. இந்தப் புனல் அதை ஏந்தி, துளி சிந்தாமல் கீழே இறக்கித்தான் வைத்திருந்தது. கேனை நான் கவிழ்த்தேன். வரியை வெறுமையாக விட்டு நோட்டை மூடினேன்.